சைவத் தூண்டில்

புரட்டாதிச் சனிக்கிழமை, அதுவும் நவராத்திரியின் எட்டாம் நாள். கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகவேண்டிய குடும்பப் பெண் ஒருத்தி, நோர்வேயில் அம்மருட் என்ற ஊருக்குப் பின்னாலுள்ள காட்டுப்பாதையில் ஏறி மீன் பிடிக்கப் போனாள் என்றால் கேட்பவர்கள் காதைப் பொத்துவார்கள். பொத்தட்டும். சிவநாயகி எல்லாவற்றையும் யோசித்துத்தான் போனாள். சேலையைக்கூட மாற்றவில்லை. பாவாடைக்குக் கீழே றப்பர் சப்பாத்து, மேலே மழைக்கோட்டு. அர்ச்சனைப் பையில் தேங்காய்ப் பாதிக்குப் பக்கத்தில் மடக்குத் தூண்டில்தடி படுத்திருந்தது.

அவளுடைய நியாயம் இதுதான். விரதம் வாய்க்கே ஒழியக் கைக்கு இல்லை. தியூர்வான் என்ற அந்தக் குளத்தில் மீன்பிடிக் கழகம் எழுதி வைத்திருந்த சட்டங்களை வாசித்தால், நல்ல சைவக்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருப்பானோ என்றே தோன்றும். ஆளுக்கு ஒரு தடிதான். புழு கோர்க்கக்கூடாது, இறால் கூடாது, குஞ்சுமீன் கூடவே கூடாது. மரத்திலோ றப்பரிலோ செய்த பொய்மீன் மட்டும் போடலாம். அதிலும் ஒரே ஒரு முள்தான் இருக்கலாம். கொளுவிய மீன் கழலாமல் பிடித்துக்கொள்ள முள்ளின் நுனியில் சின்னதாய் ஒரு எதிர்முள் இருக்குமே, அதைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். கரையில் நின்றே பிடிக்க வேண்டும், தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. அறுபது சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட யெட்டெ மீனை அளந்துவிட்டு உயிரோடு திரும்ப விட வேண்டும். ஒரு புழுவின் உயிர்கூடப் போகாத இந்த வேலைக்கு என்ன தோசம்? இது சைவத் தூண்டில் என்று அவள் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

யெட்டெ என்பது நோர்வேக்காரர் வைத்த பெயர். நம்முடைய ஊளி மீனுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். நீண்ட உடம்பு, வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், வாய் நிறையப் பல். அசையாமல் கிடந்து, ஒரே பாய்ச்சலில் வந்து கௌவும். நாலு வருசத்துக்கு முன் அவளுடைய புருசன் சபாரத்தினம்தான் இந்தத் தடியை வாங்கினார். இரண்டு குளிர்க் காலையோடு அவருக்கு ஆசை தீர்ந்துவிட்டது. தடி அவளிடம் தங்கிவிட்டது, கூடவே பைத்தியமும்.

அன்றைக்கே போயாக வேண்டியதற்குக் காரணம் ஒரு பலகை. குளத்தின் மறுமுனையில் கழகத்தின் மரக்குடில் இருக்கிறது. மே முதலாம் திகதியிலிருந்து செப்ரெம்பர் முப்பது பின்னேரம் ஐந்து மணிவரைக்கும் யார் ஆக நீளமான யெட்டெயைப் பிடிக்கிறாரோ, அவர் பெயரைக் குடிலின் சுவரில் தொங்கும் பலகையில் சூட்டுக்கோலால் பொறிப்பார்கள். பணமும் இல்லை, கிண்ணமும் இல்லை, பெயர் மட்டும்தான். ஆனால் நெருப்பால் எழுதிய பெயர். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக்கு முன்னணியில் நின்றவர் பஸ் சாரதி மகேந்திரராசா. தொண்ணூற்றெட்டு சென்ரிமீற்றர்.

ஓகஸ்டில் சிவநாயகி தொண்ணூற்றொன்பது பிடித்தாள். சத்தியமாகப் பிடித்தாள். பக்கத்தில் சபாரத்தினம் நின்று கண்ணால் கண்டார். ஆனால் மீனின் நீளத்தை எழுதிக் கழகத்துக்குக் கொடுக்கும் சாட்சித் துண்டில் கையெழுத்துப் போடுபவர் வேறு வீட்டுக்காரராக இருக்க வேண்டும், அதே குளத்துக்கு மீன்பிடி அட்டை வைத்திருக்கவும் வேண்டும். புருசனின் கண் செல்லாது. மீன் குளத்துக்குள் போயிற்று, துண்டு வெறுமையாகக் கிடந்தது. கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் அவள் அதைச் சொன்னபோது, "வாயாலை பிடிச்ச மீன் நாளுக்கு நாள் வளரும் பிள்ளை" என்றார் மகேந்திரராசா. முப்பது பேர் சிரித்தார்கள். சிவநாயகியும் சிரித்தாள். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்குச் சிரிப்புக் காட்டுவது சுகம். கோயில் சபைத் தலைவர், மைக் அவர் கையில்தான் எப்போதும் இருக்கும். போன சனிக்கிழமையும் அதைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒன்பது நாளும் வீடுகளில் மீன் மச்சம் மணக்கக்கூடாது, தூண்டில்காரர் தடியை மூலையில் வைக்கவேணும் என்று ஒரு பிரசங்கமே வைத்தார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று சிவநாயகி அன்றைக்கே ஊகித்தாள். எல்லோரும் தடியை மூலையில் வைத்தால் தொண்ணூற்றெட்டுக்குப் பங்கம் வராதே.

மூன்றேகாலுக்குக் குளத்தடிக்கு வந்து சேர்ந்தாள். மழை பொடியாய்த் தூறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நோர்வேக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சாட்சிக்கு இருந்த ஒரு ஆளும் போகிறதே என்று அவளுக்குப் பகீரென்றது. ஆனாலும் மீன் அகப்படட்டும், பிறகு பார்க்கலாம். சாட்சியைத் தேடி வைத்துவிட்டா ஒருத்தி தூண்டில் போடுவாள்?

சிவப்பு வால் வைத்த றப்பர்மீனைக் கொளுவினாள். எதிர்முள் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அல்லி இலைகள் பழுத்து அழுகத் தொடங்கியிருந்தன. யெட்டெ அந்த இலை ஓரத்தில்தான் படுக்கும். வீசினாள், இழுத்தாள், நிறுத்தினாள், இழுத்தாள். ஒரு சின்னப் பயல், ஐம்பது சென்ரிமீற்றர் இருப்பான், வந்து கடித்துவிட்டுப் போனான். மூன்றே முக்கால். நாலு. விரல் விறைத்தது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு றப்பர்மீன் எதிலோ போய்ச் சிக்கி நின்றது.

தடி வளைந்தது. அல்லித் தண்டு என்று நினைத்து மெதுவாக இழுத்தாள். தண்டு திரும்பி இழுத்தது.

ஐயோ, அந்த இழுவை! தடியின் சுருள் கிரீச்சிட்டுக்கொண்டு தங்கூசி நூலை விட்டுக்கொடுத்தது. பத்து மீற்றர், இருபது மீற்றர். இலைகளுக்கு அப்பால் தண்ணீர் ஒருமுறை பிளந்தது. பச்சை முதுகும், அதன்மேல் மஞ்சள் புள்ளிகளும், பலகை போல ஒரு வாலும் வெளியே வந்து போயின. இது தொண்ணூற்றொன்பது இல்லை, அதற்கும் மேல்.

எதிர்முள் இல்லாத முள்ளில் மீனை வைத்திருப்பது சும்மா காரியமல்ல. தங்கூசி ஒரு நொடி தொய்ந்தால் போதும், முள் வழுக்கிவிடும். இறுக்கினால் அறுந்துவிடும். தொய்யவும் விடாமல் இறுக்கவும் விடாமல், அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுகிற கணக்கில் ஆட வேண்டும். சிவநாயகி ஆடினாள். மழைக்கோட்டின் தொப்பி விழுந்தது. நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. முந்தானையை வாயால் கவ்விக்கொண்டாள்.

மீன் இலைகளுக்குள் புகுந்துகொண்டது. கரையிலிருந்து நாலு மீற்றர்தான், தண்ணீரோ முழங்காலளவு. இரண்டு அடி உள்ளே வைத்தால் கையால் தொட்டுவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? சப்பாத்து நுனி தண்ணீரைத் தொடும் தூரத்துக்கு வந்தது. பிறகு அவளே காலைப் பின்னால் எடுத்தாள். களவாய்ப் பிடித்த மீன் தன் பெயரில் பலகையில் ஏறினால், அதைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குத்தானே பல்லைக் காட்ட வேண்டிவரும். கோணத்தை மாற்றினால் இலையிலிருந்து வெளியே இழுக்கலாம். கரையோடு இடது பக்கமாக, ஒவ்வொரு அடியாக நடந்தாள். அங்கே பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர்த்தட்டு ஒரு ஆள் உயரத்துக்கு மண்ணோடு எழுந்து நின்றது. அதைச் சுற்றி அந்தப் பக்கம் போனால்தான் கோணம் சரிவரும்.

சுற்றிப் போனாள். அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் குந்திக்கொண்டிருந்தார். நீல மழைக்கோட்டு, நெற்றியில் முக்குறித் திருநீறு, மடியில் தூண்டில்தடி. கோயில் சபைத் தலைவர் மகேந்திரராசா.

"நான் காளான் பாக்க வந்தனான்" என்றார் அவர்.

"காளானுக்குத் தடி என்னத்துக்கு அண்ணை? வலை இருக்கோ உங்களிட்டை?"

"இருக்கு."

"அப்ப எடுங்கோ. மற்றதைப் பிறகு கதைப்பம்."

அவளுடைய தடியின் வளைவை அவர் அப்போதுதான் கவனித்தார். முகம் மாறியது. தலைவர் போய்விட்டார், மீன்காரன் எழும்பிவிட்டான். "விடாதை, விடாதை, தடியை உயர்த்திப் பிடி" என்று சொல்லிக்கொண்டே கைவலையை விரித்தார். அவரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. சாய்ந்த மரத்தின்மேல் ஏறி, அறுபது வயதை எட்டும் உடம்பை ஈரப் பட்டையில் குப்புறப் போட்டு, வலையைக் கை நீளத்துக்கு நீட்டினார். யெட்டெ இலையை விட்டு வெளியே வந்தது. வலையைக் கண்டு மறுபடியும் பாய்ந்தது. சுருள் மறுபடியும் கத்தியது. "போகட்டும், இன்னொருக்கா வரும்" என்றார் அவர். வந்தது. தலை முதலில் வலைக்குள் போனது, உடம்பு போனது, வால் கடைசியாய் வந்து விழுந்தது. அது விழுந்த அடுத்த நொடி றப்பர்மீன் தன்பாட்டில் கழன்று வலையில் தொங்கியது. ஒரு மூச்சு பிந்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

கழகம் அட்டையோடு கொடுத்த அளவுநாடாவை எடுத்தாள். மீனைத் தண்ணீர் மட்டத்தில் வைத்தபடி, அவள் நாடாவை அதன் மூக்கு நுனியில் பிடிக்க, அவர் வால் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தினை அண்ணை?"

"பொறு பிள்ளை." நாடாவை எடுத்து மறுபடியும் போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். "நூற்றியொண்டு."

சிவநாயகிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தச் சேற்றில் அப்படியே இருந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணீரும் வந்தது. நூற்றியொன்று! இந்தக் குளத்தில் எந்த ஆம்பிளையும் மூன்று இலக்கம் பார்த்ததில்லை. பையிலிருந்து சாட்சித் துண்டை எடுத்தாள். தன் பெயரை எழுதினாள், அட்டை இலக்கத்தை எழுதினாள், மிச்சத்தை அவரிடம் நீட்டினாள். நேரம் நாலு இருபத்தைந்து.

மகேந்திரராசா துண்டை வாங்கினார். மரத்தடியில் மழை படாத இடமாகப் பார்த்து நின்றார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"பிள்ளை, ஒரு கதை. மீன் உன்ரைதான். அதிலை எனக்கு மறுப்பில்லை. திகதியை மட்டும் மாத்துவம்."

"என்னெண்டு?"

"இந்தத் துண்டைக் குடில் சுவரிலை ஒரு வருசம் ஒட்டி வைப்பாங்கள். எங்கடை ஆக்கள் எத்தினை பேர் அங்கை கோப்பி குடிக்க வாறவை. முப்பதாந் திகதி, சாட்சி மகேந்திரராசா எண்டு கிடந்தால் என்னைப் பற்றி என்ன சொல்லுவினம்? போன கிழமைதான் மைக்கிலை கதைச்சனான்."

"தெரியும். முன்வரிசையிலை இருந்து கேட்டனான்."

"நேற்று எண்டு போடேலாது, அதுவும் நவராத்திரி. இருபத்திரண்டு அமாவாசை. இருபத்தோராந் திகதி, வியாழன். அண்டைக்கு ஒண்டும் இல்லை. உனக்கும் நல்லதுதானே. நீயும் கோயிலாலை நேரை வந்து நிக்கிறாய்."

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மனிதர் சொல்வதில் ஒரு புத்தியும் இருந்தது. வியாழன் என்று போட்டால் அவளுக்கும் வாய்க்காரரிடமிருந்து விடுதலை. பெயரும் ஏறும். யாருக்கும் நட்டமில்லை.

"அண்டைக்கு நான் ரொம்மனிலை முதியோர் இல்லத்திலை வேலை" என்றாள் மெதுவாக. "காலமை ஏழிலிருந்து இரவு ஒன்பதரை மட்டும் இரட்டை முறை. எங்கடை ஆக்கள் ரெண்டு பேர் என்னோடை நிண்டவை. அவையள் ஒரு சொல்லுச் சொன்னால் இந்த மீனும் வாயாலை பிடிச்ச மீன்தான். உண்மையான மீனுக்குப் பொய்த் திகதி வேண்டாம் அண்ணை. என்னைப் பேசிறவை பேசட்டும்."

"என்னையும் பேசுவினமே."

"ஓம். பேசுவினம்."

வலைக்குள் மீன் ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியிருந்தது. செவுள் விரிந்து மூடும் வேகம் குறைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல, "அவசரப்படாதை, இன்னும் நேரம் கிடக்கு, அது வலைக்குள்ளை நிக்கட்டும், ஆரும் நோர்வேக்காரன் இந்தப் பக்கம் வந்தாலும் வருவான்" என்றார். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. மீன் கையில் இருக்கும்வரைக்கும் இன்னொரு சாட்சி வரலாம். மீன் போய்விட்டால், இந்த உலகத்தில் அந்த நூற்றியொன்றுக்கு இருக்கும் ஒரே ஆதாரம், அதனால் தோற்கப்போகிற இந்த மனிதரின் வாய்தான்.

மீன் இன்னும் கொஞ்சம் சரிந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது.

சிவநாயகி வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தினாள். மீனின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். முன்னும் பின்னுமாக மெதுவாய் அசைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசைத்தாள். பிறகு செவுள் ஒருமுறை அகல விரிந்தது. இன்னொருமுறை விரிந்தது. வால் அவள் முகமெல்லாம் தண்ணீரை அடித்துவிட்டு இலைகளுக்குள் போய் மறைந்தது.

"என்ன வேலை செய்தாய்?" என்றார் மகேந்திரராசா.

"செத்துப்போயிருக்கும் அண்ணை." சேலையில் கையைத் துடைத்தாள். "இனி நீங்கள் எழுதினால் உண்டு, எழுதாட்டி இல்லை."

அவர் குளத்தைப் பார்த்தார். மீன் போன இடத்தில் வட்டம் விரிந்து மழைப் புள்ளிகளோடு கலந்துகொண்டிருந்தது. அவள் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. நாலு முப்பத்தெட்டு.

"போன சனியும் நான் இஞ்சைதான் நிண்டனான்" என்றார் திடீரென்று. "மைக்கிலை கதைச்ச கையோடை, முழங்கால் நோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். ஒருத்தரும் என்ரை தொண்ணூற்றெட்டைத் தாண்டக் கூடாது எண்டு காவல் நிண்டனான். ஆனா, இப்பிடி ஒரு மீன் இந்தக் குளத்துக்குள்ளை கிடக்குதெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

அவர் சொன்னதில் பொறாமையைக் காணவில்லை. சின்னப் பிள்ளைக்கு யானையைக் காட்டினால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். துண்டை முழங்காலில் வைத்து, முதுகை மழைக்குக் கொடுத்துக்கொண்டு எழுதினார். நாலாக மடித்து அவளிடம் கொடுத்தார்.

"ஓடு பிள்ளை. குடிலிலை துண்டு போடுற பெட்டியை அஞ்சு மணிக்குத் திறந்துபோடுவாங்கள்."

என்ன எழுதினார் என்று பார்க்க நேரமில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வேர் தடுக்கியது. பலகைப் பாலத்தில் வழுக்கி ஒரு கையை ஊன்றி எழும்பினாள். அர்ச்சனைப் பைக்குள் தேங்காய்ப் பாதி இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது. குடிலின் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே போய் நின்றபோது நாலு ஐம்பத்து நாலு.

துண்டை விரித்தாள். நீளம் நூற்றியொன்று. சாட்சி மகேந்திரராசா, அட்டை இலக்கம் சரி. திகதிக்கு விட்டிருந்த சின்னக் கட்டத்தை அவள் பயந்து பயந்து பார்த்தாள். அங்கே இலக்கம் எதையும் காணவில்லை. பிறகு யாரும் அழித்துத் திருத்த இயலாதபடி, கட்டத்துக்கு வெளியேயும் வழிய, நோர்வேஜிய மொழியில் எழுத்தால் எழுதியிருந்தார்: சனிக்கிழமை, செப்ரெம்பர் முப்பது, பின்னேரம் நாலு இருபது.

அவள் அதை இரண்டாம் முறை வாசித்தாள். அந்த மனிதர்மேல் ஒரு மாதமாக வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. துண்டைப் பெட்டிக்குள் போட்டாள். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றாள். பிறகு தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"எங்கை நிக்கிறாய்? சோறு ஆறுது" என்றார் சபாரத்தினம்.

"குளத்தடியிலை. நூற்றியொண்டு."

"ஆர் சாட்சி?"

"மகேந்திரண்ணை."

"இண்டைக்கோ?"

"ஓம், இண்டைக்குத்தான். திகதி அவரே எழுதினவர்."